பூட்டுக்கு உடையவர் யார்?

ஒருவர் நம்மிடம் ஒப்படைத்ததைப் பழுதின்றிக் காப்பதே அமானிதம். ஒப்படைக்கப்பட்டது பொன்னாயின் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம், நிலமாயின் வேலியிடுகிறோம். ஒப்படைக்கப்பட்டது ஒருவருடைய மானமாயின் அதை எங்கே வைத்துப் பூட்டுவது? இந்தக் கேள்வி ஒருநாள் நம் வாசலுக்கே வந்து நின்றது. ஆதலின் அங்கிருந்தே தொடங்குவோம்.

தாம்பரத்தில் நாம் ஓதிக்கொடுத்து வரும் மஹல்லாவில் சிறியதொரு பைத்துல்மால் உண்டு. வீட்டு வாடகை கட்ட இயலாதோர், மருத்துவச் செலவுக்குத் தவிப்போர், குமர்க் காரியத்துக்காகக் கைநீட்ட வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட தந்தையர் ஆகியோருக்கு அதிலிருந்து பிறர் அறியாவண்ணம் உதவி சென்று சேரும். பெயர்களெல்லாம் ஒரு குறிப்பேட்டில் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலானில், கணக்குப் பார்க்கும் வசதிக்காக அந்தப் பக்கங்களை ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். அவர் தீங்கு நினைத்தாரல்லர். ஆயினும் அந்தப் படம் கைமாறிக் கைமாறி இரண்டே நாளில் தெரு முழுவதையும் சுற்றி வந்துவிட்டது. பல்லாண்டுகளாக ஜும்ஆவில் முதல் வரிசையில் அமர்ந்து வந்த ஒரு பெரியவர், அடுத்த வாரம் முதல் குரோம்பேட்டைக்குச் சென்று தொழலானார். நம்மை அவர் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அந்த மௌனந்தான் நம்மைச் சுட்டது.

நம்மிடம் சிறுவயதில் ஓதிய தம்பி ஒருவர் இப்போது தாம்பரம் சானடோரியத்திலுள்ள மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் பணிபுரிகிறார். அவர் வந்து, "ஹஜ்ரத், பட்டியலைக் கணினியில் ஏற்றி மறைக்குறியாக்கிப் பூட்டிவிடலாம். அதற்கான மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. அதன் உள்ளமைப்பை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்" என்றார். பைத்துல்மாலைப் பொறுப்பேற்று நடத்தும் ஹாஜியார் உடனே இரண்டு ஐயங்களை எழுப்பினார். "விலையில்லாமல் தருகிறார்களே, நாளைக்கு எவனாவது வந்து இது என் சொத்து என்று வழக்குப் போட்டால் என்ன செய்வது? சர்க்கார் வந்து, இதை ஏன் பூட்டினீர்கள், திறந்து காட்டுங்கள் என்றால் என்ன சொல்வது?"

வாணிபம் செய்து உலகம் அறிந்தவர் கேட்ட கேள்விகள். எளிதில் தள்ளத்தக்கன அல்ல. முதலாவது காப்புரிமையைப் பற்றியது. இரண்டாவது அரசின் அதிகாரத்தைப் பற்றியது. இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒரு கேள்வி மறைந்து கிடப்பதை நாம் பின்னரே உணர்ந்தோம்.

இந்தப் பூட்டு எத்தன்மையது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். இது இரும்பால் ஆனதன்று, எண்ணால் ஆனது. 61ஐ 53ஆல் பெருக்கினால் 3233 வரும் என்பதைப் பள்ளிச் சிறுவனும் விரைவில் கணக்கிட்டுச் சொல்வான். 3233ஐ மட்டும் கொடுத்து, எவ்விரு எண்களைப் பெருக்கியதால் இது வந்தது என்று கேட்டால் தடுமாறுவான். அவ்வெண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவையாயின், இன்றைய பெருங்கணினிகளும் விடை காண இயலாமல் நிற்கும். செய்வதற்கு எளிது, பிரிப்பதற்கு அரிது என்னும் இந்த வேறுபாடே பூட்டு. இதற்குச் சாவிகள் இரண்டு. பூட்டுவதற்கு மட்டும் உதவும் சாவியை ஊரார் அனைவருக்கும் வழங்கலாம். திறக்கும் சாவி உரியவரிடம் மட்டும் இருக்கும்.

மறையெழுத்துக் கலை நம் கல்வி மரபுக்குப் புதியதன்று. ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே மறையெழுத்தை உடைத்துவிடலாம் என்பதை, ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ ஞானி அல்கிந்தி தனி நூலாகவே எழுதி வைத்தார். அதன் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல் நகரத்துச் சுலைமானிய்யா நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. கணினி உலகம் இன்று ஓயாது உச்சரிக்கும் 'அல்காரிதம்' என்னும் சொல் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. மறையெழுத்தைக் குறிக்கும் 'சைஃபர்' என்பதோ, பூச்சியத்தைக் குறிக்கும் 'ஸிஃப்ர்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் உம்மம்மா, கடல்கடந்து பினாங்கில் பொருளீட்டிய கணவருக்கு அரபுத்தமிழில் கடிதம் எழுதுவார். தபால்காரர் பிரித்தாலும் படிக்க முடியாது. அதில் சதி ஒன்றும் இருந்ததில்லை. குடும்பத்துக் கண்ணீர் இருந்தது.

அல்கிந்தி உடைக்கும் வழியை ஒளிக்காமல் எழுதியதில் ஓர் உண்மை பொதிந்து கிடக்கிறது. பூட்டின் உறுதி அதன் அமைப்பை மறைப்பதில் இல்லை. சாவியைக் காப்பதில்தான் உள்ளது. இதையே 1883ஆம் ஆண்டு கெர்க்காஃப்ஸ் என்னும் அறிஞர் மறையெழுத்தின் விதியாக வகுத்தார். நம் திண்டுக்கல் பூட்டை எண்ணிப் பாருங்கள். அதைச் செய்யும் முறை ஊரில் பலர் அறிந்ததே. எனினும் என் பூட்டின் சாவி என்னிடமே இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் என்று அறிஞர் கூறுவதும் இத்தகையதே. அதன் மூலநிரல் திறந்து கிடக்கிறது; எவரும் படிக்கலாம், குறை காணலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். யாரும் சோதித்துப் பார்க்க இயலாத பூட்டைச் செய்தவர்மீது வைக்கும் நம்பிக்கை வெறும் நம்பிக்கை. பலரும் சோதித்த பூட்டின்மீது வைப்பது அறிந்து வைக்கும் நம்பிக்கை. அமானிதத்துக்கு எது தக்கது என்று விளக்கவும் வேண்டுமோ?

இனி ஹாஜியாரின் முதல் ஐயத்துக்கு வருவோம். அது வீண் அச்சமன்று. வரலாறு அதற்குச் சான்று பகர்கிறது. மேற்கூறிய எண் பூட்டை 1977இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தைச் சார்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் அமைத்தனர். 1983இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. விண்ணப்பிக்கும் முன்பே முறை வெளியாகிவிட்டதால் பிற நாடுகளில் அவ்வுரிமை கிட்டவில்லை. ஆதலின் ஒரே கணக்கு அமெரிக்காவில் ஒருவர் சொத்தாகவும், கடலுக்கு இப்பால் அனைவருக்கும் பொதுவாகவும் இருந்தது! 1991இல் ஃபில் ஸிம்மர்மன் என்பவர் பொதுமக்கள் பயன்படுத்தும் பொருட்டு பி.ஜி.பி. என்னும் மறைக்குறி மென்பொருளை எழுதி விலையின்றி வெளியிட்டார். காப்புரிமை பெற்றோர் ஒருபுறம் அவரை எதிர்த்தனர். மறுபுறம், மறைக்குறியைப் போர்க்கருவிகளின் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்க அரசு, உரிமமின்றி ஏற்றுமதி செய்தார் என ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவரை விசாரித்தது. 1995இல் அந்நிரல் முழுவதும் அச்சுப் புத்தகமாக வெளிவந்தது. கணினியில் அனுப்பினால் ஆயுதம் எனப்படுவது, தாளில் அச்சிட்டால் நூலாகிவிடும் விந்தையை உலகம் கண்டது. 1996 ஜனவரியில் வழக்கேதும் தொடுக்கப்படாமலே விசாரணை முடிந்தது.

இதைக் கண்டு பாடம் கற்ற ஜெர்மானியர் வெர்னர் காக், 1997இல் ஜி.பி.ஜி. என்னும் மென்பொருளைத் தொடங்கினார். உலகின் எம்மூலையில் இருப்போரும் அச்சமின்றிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக, காப்புரிமையில் சிக்கிக்கிடந்த முறைகளை விலக்கி, விடுபட்டவற்றைக் கொண்டே அதைக் கட்டினார். அமெரிக்கக் காப்புரிமை 2000 செப்டம்பரில் முடிவுற்றது. நம் தம்பி பைத்துல்மாலுக்கென்று கொண்டுவந்தது இந்த ஜி.பி.ஜி.யைத்தான்.

நம் நாட்டின் நிலை யாது? 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தத்தின்படி, கணித முறையும், படிமுறையும், தனித்து நிற்கும் கணினி நிரலும் கண்டுபிடிப்பாகா. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் இந்த வேலியைத் தளர்த்த முயன்றது. 2005இல் நாடாளுமன்றம் அத்தளர்வை ஏற்கவில்லை. எனினும் 'தனித்து நிற்கும்' என்னும் சொல்லுக்குள் எவ்வளவு இடம் உண்டு என்னும் வாதம் ஓயவில்லை. தொழில்நுட்ப விளைவு உடையதாயின் கணினி சார்ந்த கண்டுபிடிப்பைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019இல் தில்லி உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. ஆகவே கதவு சாத்தியிருக்கிறது. தாழிடப்பட்டிருக்கிறது என்று உறுதி கூற முடியாது.

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே சென்றால் கிண்டியில் காப்புரிமை அலுவலகம் நிற்கிறது. தென்மாநிலங்கள் அதன் எல்லைக்கு உட்பட்டவை. புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அவ்வளாகத்திலேயே உள்ளது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்கு அக்குறியீடு கிடைத்தது. அது தனியொருவர் சொத்தன்று. அவ்வூரில் அத்தொழில் செய்வோர் அனைவருக்கும் உரிய பெருமை. பலர் கூடிக் காத்த கலைக்குத் தனியொரு முதலாளி இல்லாமலே மதிப்பளிக்க நம் சட்டத்துக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று.

உழைத்தவனுக்கு ஊதியம் வேண்டாமா என்று கேட்பாரும் உளர். வேண்டும். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியர் உரிமையும் கண்டுபிடிப்பாளர் உரிமையும் பாதுகாக்கப்பட வேண்டிய உரிமைகளே என்று தீர்மானித்தது. நாமும் அதை மறுக்கவில்லை. ஒருவர் செய்த கருவி அவருடையது. ஆனால் எண்கள் தமக்குள் கொண்டுள்ள உறவு எவர் செய்ததுமன்று. மதீனாவில் ரூமா என்னும் கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டு வந்தது. ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் அதைத் தம் பொருள் கொடுத்து வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கினார்கள். உடையவரிடம் பிடுங்கவில்லை, உரிய விலை தந்தார்கள், பின்னர் யாரும் விற்கவொண்ணாதபடி விட்டார்கள். கட்டற்ற மென்பொருள் எழுதுவோர் செய்வதும் ஒருவகை வக்ஃபே. தம் உழைப்பைத் தாமே முன்வந்து பொதுவில் வைத்து, இதைத் திருத்தி வெளியிடுவோரும் பொதுவிலேயே வைக்கவேண்டும் என்று நிபந்தனையும் எழுதி வைப்போர் அவருள் பலர்.

இரண்டாவது ஐயம் இதனினும் கடியது. இணையச் சேவை வழங்குவோருக்கு நம் அரசு முன்னர் விதித்த உரிம நிபந்தனை, 40 பிட் நீளத்துக்கு மேற்பட்ட சாவியை அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது என்றது. அத்தகைய சாவியை 1997லேயே அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பல கணினிகளை இணைத்து நான்கு மணி நேரத்துக்குள் உடைத்துக் காட்டிவிட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் சேர்க்கப்பட்ட 84ஏ பிரிவு, எவ்வகை மறைக்குறியைப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. அதன்படி 2015 செப்டம்பரில் வெளியான வரைவுக் கொள்கை, குடிமக்கள் தாம் பூட்டி அனுப்பும் செய்தியின் திறந்த வடிவத்தை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. பூட்டிய கடிதத்தின் பூட்டாத நகலை வீட்டில் வைத்திரு என்றால், பூட்டியதன் பயன் யாது? எதிர்ப்பு எழவே அவ்வரைவு ஓரிரு நாளில் திரும்பப் பெறப்பட்டது. அச்சட்டத்தின் 69ஆம் பிரிவோ, முறையான ஆணை வந்தபின் பூட்டைத் திறக்க உதவ மறுப்போருக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது.

நம் சென்னை உயர்நீதிமன்றத்திலேயே இவ்வாதம் நடந்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018இல் வந்த மனுக்கள், செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிவது எப்படி என்னும் ஆராய்ச்சியாக வளர்ந்தன. 2019இல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி, அனுப்பியவரின் எண்ணைச் செய்தியோடு பிணைத்துவிடலாம் என்றார். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்துக் கருத்துரைத்தார். வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் வந்த விதிகள், 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளர் கொண்ட செய்தி நிறுவனங்கள் முதலில் அனுப்பியவரைக் காட்டித்தர வேண்டும் என்றன. வாட்ஸ்அப் நிறுவனம் அவ்வாண்டு மே மாதத்திலேயே தில்லி உயர்நீதிமன்றம் சென்றது.

பெருநிறுவனத்துக்கு வழக்கறிஞர் உண்டு. மூலநிரல் திறந்து கிடக்கும் மென்பொருளுக்கு யார் உண்டு? செய்தியோடு ஓர் அடையாளத்தைப் பிணைக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டால், கட்டற்ற மென்பொருளைப் பெற்றவர் எவரும் அவ்வரியை நீக்கிவிட முடியும். அதைத் தடுப்பதாயின் திருத்தும் சுதந்திரத்தையே குற்றமாக்க வேண்டியிருக்கும். 2023 மே மாதம், காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துகின்றனர் என்னும் காரணத்தால் 14 செயலிகள் தடுக்கப்பட்டன. அவற்றுள் எலிமென்ட், பிரையர் என்னும் கட்டற்ற மென்பொருள்களும் இருந்தன. இந்தியாவில் அவற்றுக்குப் பிரதிநிதி இல்லை என்பது அப்போது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. எலிமென்ட் பின்பற்றும் அதே அடிப்படையின்மீதுதான் பிரெஞ்சு அரசு தன் ஊழியர்க்கான செய்திச் செயலியை அமைத்துக்கொண்டுள்ளது என்பதும் கருதத்தக்கது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை மறைப்பது நமக்கு அழகன்று. 2024 பிப்ரவரி 8ஆம் நாள் சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பெற்றோர் பதறி ஓடினர். பிள்ளையைக் கையில் பற்றும் வரை அந்தத் தாய்மார் பட்ட பாட்டை, 'அந்தரங்க உரிமை' என்னும் சொல்லைக் கொண்டு ஆற்ற முடியாது. மிரட்டல் பொய் என்று பின்னர் தெரிந்தது. அது சென்ற வழி, புரோட்டான் என்னும் மறைக்குறி மின்னஞ்சல் சேவை. தமிழகக் காவல்துறை வேண்டியதன்பேரில் அச்சேவையையே தடுப்பது பற்றி ஆலோசனை நடந்தது; சுவிட்சர்லாந்து அரசுத்தரப்பு தலையிட்ட பின் அன்று தடுக்கப்படவில்லை. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில், அதைத் தடுக்க நடவடிக்கை எடுக்குமாறு கர்நாடக உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

மிரட்டியவனைப் பிடிக்க வேண்டாம் என்று எந்த நல்லோரும் சொல்லார். கேள்வி, எவ்வாறு பிடிப்பது என்பதே. நபித்தோழர் ஹாத்திப் (ரலி) அவர்கள் மக்காவுக்கு இரகசியமாக அனுப்பிய கடிதத்தின் வரலாறு மத்ரஸா மாணவர் அனைவரும் அறிந்ததே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹஜ்ரத் அலி (ரலி) முதலானோரை அனுப்பினார்கள். இன்ன இடத்தில், இன்ன பெண்ணிடம், இன்ன கடிதம் என்று குறித்து அனுப்பினார்கள். கூந்தலுக்குள் ஒளித்து வைத்த கடிதம் வெளிவந்தது. இதிலிருந்து இரண்டு செய்திகளை நாம் உணர்கிறோம். ஊரைக் காக்க வேண்டிய நேரத்தில் இரகசியக் கடிதம் என்பதற்காக அது தீண்டத்தகாததாகிவிடாது. அதே வேளையில், ஒரு கடிதத்துக்காக வழியில் சென்ற பெண்களின் கூந்தலையெல்லாம் அவிழ்க்கச் சொல்லவில்லை. முடிந்துகொள்ளாதீர் என்று ஊருக்குக் கட்டளையிடவும் இல்லை. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது, அரசின் தலையீடு சட்டத்தின்படியும், நேரிய நோக்கத்தோடும், நோக்கத்துக்கு ஏற்ற அளவோடும் இருக்கவேண்டும் என்றனர். குறித்த கடிதத்தைத் தேடுவது அளவு. எல்லார் முத்திரையையும் வலுவிழக்கச் செய்வது அளவு கடந்தது. நல்லவனுக்கு மட்டும் திறந்து தீயவனுக்கு மூடிக்கொள்ளும் ஓட்டையை எண்களுக்குள் எவராலும் செய்ய முடியாது.

இப்போது அந்த மூன்றாம் கேள்வியைக் கூறலாம். காப்புரிமை, 'இதன் உடையவர் யார்?' என்று கேட்கிறது. அரசும், 'இதன் உடையவர் யார், அவரிடம் நோட்டீஸ் கொடுப்போம்' என்கிறது. பொதுக்கிணற்றுக்கு முதலாளி இல்லை. முதலாளி இல்லாததால் அது யாருடையதும் அன்று என்று ஒருவன் வளைத்துக்கொள்வதும் தவறு. நோட்டீஸ் பெற ஆள் இல்லை என்று மற்றொருவர் மண்ணிட்டுத் தூர்ப்பதும் தவறு. இரண்டும் ஒரே பிழையின் இரு கிளைகள். கிணறு வெட்டியவரைத் தேடாதீர். அதில் நஞ்சு கலந்தவனைத் தேடுங்கள் என்பதே அறம். பூட்டின் விஷயத்தில், பொறுப்பு பூட்டைச் செய்தவரிடம் இல்லை. சாவியை வைத்திருப்பவரிடம் இருக்கிறது.

இதை ஹாஜியாரிடம் விளக்கினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால் சாவி யாரிடம் இருக்கும், ஹஜ்ரத்?" என்றார். நாம் எதிர்பாராத கேள்வி அது. பூட்டைப் பற்றி இவ்வளவு வாதிட்ட நாம், சாவியை ஏற்பதன் சுமையை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. முறையான நீதி ஆணை வந்தால் பதில் சொல்லவேண்டியவர் சாவி உடையவர். பக்கத்து வீட்டார் கேட்டாலும், உறவினர் கேட்டாலும், அதிகாரம் படைத்தவர் ஆணையின்றி வந்து கேட்டாலும் மறுக்கவேண்டியவரும் அவரே. மறந்துபோனால் பட்டியலையே இழந்து நிற்கவேண்டியவரும் அவரே.

முடிவில் ஹாஜியாரும் நாமும் ஆளுக்கொரு சாவியாக ஏற்றோம். பழைய குறிப்பேட்டை எரித்தோம். குரோம்பேட்டைக்குச் சென்று தொழும் பெரியவர் இன்னும் திரும்பி வரவில்லை. அவருடைய மானம் காற்றில் போனபின் பூட்டு வந்து என்ன பயன் என்று யாரேனும் கேட்டால் நம்மிடம் விடையில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இன்று வேறு பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் முதல் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அருகில் அமர்ந்திருப்பவர் அதை அறியார்.